பாலத்துக் காவலாளிக்கு நான்கு பதில்கள்

வாரியத்திலிருந்து கடிதம் வந்ததும் சின்னவள் செய்த முதல் காரியம், அதை நான்காக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தது. இரண்டாவது காரியம், வைத்ததை யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தது. வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. பயந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? இன்னொரு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அக்காவுக்கு அடுத்துப் பிறந்ததால் ஒட்டிக்கொண்டது, முப்பத்தெட்டு வயதாகியும் உதிரவில்லை. கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணுக்காகத் தேய்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதையாட்டம் நடத்துவாள்.

கதையாட்டம் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருத்தி கதையை ஆரம்பிப்பாள்: எதிரில் ஒரு பாலம், பாலத்தின் மேல் ஒரு காவலாளி. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். ஒரு மேசை, ஒரு பகடை, நாலு பென்சில், கொஞ்சம் வாய். இவ்வளவு இருந்தால் போதும்.

அக்கா வீட்டில் இல்லாமல் போனது அந்த வாய்தான். அத்தான் பஸ் ஓட்டுநர். போன வருஷம் பட்டப்பகலில் ஒரு ஆள் அவர் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடி வந்து செத்துப்போனான். ஓட்டுநர் மீது தவறு இல்லை என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அத்தான் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்தவை "ம்", "வேணாம்" என்ற இரண்டுதான். "சுவரோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்குடி," என்று அக்கா தொலைபேசியில் சொல்வாள்.

வேறு வழி தெரியாமல் சின்னவள் அவரை மேசையில் உட்காரவைத்தாள். படகோட்டி வேடத்தைக் கொடுத்தாள். அக்கா வைத்தியச்சி. கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரர் திருடன். அவருக்கு வெகுநாளாக அந்த ஆசை இருந்திருக்கிறது. முதல் ஞாயிறே பாலத்துக் காவலாளி வழிமறித்தான். திருடன் கத்தியை உருவினார். வைத்தியச்சி கெஞ்சினாள். சின்னவள் பேச்சுவாக்கில் காவலாளியின் ஷூ நனைந்திருந்தது என்று சொல்லிவைத்தாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அத்தான் தலையைத் தூக்கினார். "மழையே இல்லையே. அவன் ஷூ ஏன் ஈரமா இருக்கு?" என்றார்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பத்து நிமிஷம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. காவலாளி எதற்காக நனைந்தான் என்பதைச் சின்னவள் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்தாக வேண்டும். ஆற்றில் இறங்கி யாரையோ தேடியிருக்கிறான் என்றாள். யாரை, எப்போதிருந்து, கிடைத்தாரா என்று அத்தான் கேட்டுக்கொண்டே போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பேசினார். மேசையில் மட்டும், படகோட்டியாக மட்டும். அக்காவுக்கு அதுவே வானத்திலிருந்து விழுந்த வரம் மாதிரி இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மேசைக் கதையாட்ட ஒழுங்கு வாரியம் கடிதம் அனுப்பியிருந்தது.

அப்படி ஒரு வாரியம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுவோம். வீடியோ கேம் ஆடி வளர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் மேசைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் மனம் நொந்து போனார்கள். யாரிடம் பேசினால் காரியம் ஆகும் என்று காட்ட ஒருவர் தலைமேலும் மஞ்சள் குறி இல்லை. செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க வழியில்லை. கஷ்டப்பட்டு ஒரு கதவைத் திறந்தால் உள்ளே சும்மா ஒரு அறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதைசொல்லி "நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்க்கிறார். ஒரு மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? புகார்கள் மலையாகக் குவிந்தன. குவிந்த இடத்தில் வாரியம் முளைத்தது, ஏழு மாடி உயரத்துக்கு.

கடிதம் சுருக்கமானது. மூன்று வாரத்துக்குள் உரிமம் பெறாத மேசைகள் அப்புறப்படுத்தப்படும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு விளக்கம்: இவ்விதிகளில் மேசை என்பது, அதைச் சுற்றி அமர்ந்திருப்போரையும் உள்ளடக்கும்.

லென்ஸ் தேய்ப்பவளுக்குப் பொடி எழுத்தெல்லாம் நன்றாகவே தெரியும். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்குப் போனாள். தரைத்தளத்தில் வரிசையாகப் பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு குமாஸ்தாக்கள். முதல் ஆளிடம் போய், உரிமம் எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

"இந்தக் கட்டடம் ரொம்பப் பழசு. பாத்துப் போங்க," என்றார் அவர்.

"சரிங்க சார். லைசென்ஸ் எங்க குடுக்கறாங்க?"

"இந்தக் கட்டடம் ரொம்பப் பழசு. பாத்துப் போங்க."

அதே குரல், அதே சிரிப்பு, தலை அதே பக்கம் சாய்ந்தது. சின்னவள் ஓரடி பின்வாங்கினாள். அடுத்தவர், "என் தம்பியும் ஒரு காலத்துல உங்களை மாதிரிதான் இருந்தான்," என்றார். என்ன ஆனான் என்று கேட்டதற்கு மறுபடியும் அதையே சொன்னார். அவர் கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சுவதுபோல இருந்தன. அவள் பார்க்காததுபோல நகர்ந்துவிட்டாள்.

ஆறாவது மேசைக் குமாஸ்தா தலையில் ஒரு பட்டையைக் கட்டியிருந்தார். பட்டையிலிருந்து கம்பி ஒன்று நீண்டு, அதன் நுனியில் மஞ்சள் அட்டைக் குறி ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா! உங்களைத்தான் இத்தனை நாளா எதிர்பாத்துட்டு இருந்தேன்," என்றார் அவர். முன்னால் நின்றவரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். "பேஸ்மென்ட்டுல எலித் தொல்லை. பத்து எலி அடிச்சிட்டு வாங்க."

"நான் லைசென்ஸுக்கு வந்திருக்கேன் சார்."

"அதுக்குத்தாம்மா எலி."

"லைசென்ஸுக்கும் எலிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

குமாஸ்தா திகைத்துப்போனார். மஞ்சள் குறி ஆடுவதை நிறுத்தியது. "பதினாலு வருஷ சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதில்லம்மா," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "எல்லாரும் நேரா கீழ போயிடுவாங்க. தயவுசெஞ்சு நீங்களும் போயிடுங்க."

எலி என்றால் சின்னவளுக்கு உயிரே போய்விடும். ஆனாலும் போனாள். கீழே பழைய கோப்புகளுக்கு நடுவில் ஒரு வயதானவர் குடையைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான்கு நாளாக வருகிறாராம். "ஒம்பது ஆச்சும்மா. பத்தாவது அடிக்கறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடுது. மறுநாள் காலையில ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க," என்றார். எலிகள் தீர்ந்துபோகாதா என்று அவள் கேட்டாள். "எப்படித் தீரும்? புதுசு புதுசா விடறதுக்குன்னே இங்க ஒரு செக்‌ஷன் இருக்கே."

சொல்லி வாய் மூடவில்லை, எலி விடும் செக்‌ஷன் ஊழியர் கூண்டோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். இரண்டு அவள் பாதத்தின் மேல் ஏறி ஓடின. சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்து, வெட்கம் மானம் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். ஊழியர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு பையிலிருந்து முத்திரையை எடுத்து அவள் கொண்டுவந்திருந்த மனுவில் குத்தினார்.

"வாரியத்துக்கு வேண்டியது அனுபவம்மா," என்றார் ஆறுதலாக. "பயந்தாலும் அனுபவம்தான். உங்களுக்கு ரெண்டாவது லெவல் ஆயிடுச்சு. நேரா ஏழாவது மாடிக்குப் போலாம்."

ஏழாவது மாடியில் ஆய்வாளர் அம்மாள் இருந்தார். நல்ல குளிர்ந்த அறை, நல்ல நாற்காலி, நல்ல சிரிப்பு. வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்து, தன் கைக்குட்டையையும் நீட்டினார். அதற்குத்தான் சின்னவள் எலியைவிட அதிகமாகப் பயந்தாள்.

"நாங்க கற்பனைக்கு எதிரி இல்லம்மா," என்று ஆய்வாளர் தொடங்கினார். "அது எந்த இடத்துல முடியுதுன்னு ஜனங்களுக்கு முன்கூட்டியே தெரியணும், அவ்வளவுதான். இப்ப நீங்க ஒரு காட்டைச் சொல்றீங்க. அதுல எந்த மரத்துக்குப் பின்னாடியும் போலாம்னு சொன்னா மனுஷன் என்ன ஆவான்? பயந்துடுவான். மூணு மரத்துக்குப் பின்னாடி போலாம், மத்ததெல்லாம் சுவத்துல வரைஞ்சதுன்னு சொல்லிடுங்க. நிம்மதியா இருப்பான். சுதந்திரமும் அப்படித்தான். நாலு பதில் இருந்தா அது சுதந்திரம், அஞ்சாவது வந்தா கலவரம். இதை நாங்களா முடிவு பண்ணல. எத்தனை பதில் வேணும்னு ஜனங்களையே கேட்டோம். நூத்துக்கு நூறு பேர் நாலுதான்னு சொன்னாங்க."

"எப்படிக் கேட்டீங்க மேடம்?"

"நாலு பதில் குடுத்து ஒண்ணைத் தொடச் சொன்னோம். அந்த நாலு பதிலுமே 'நாலு'ங்கறதுதான்."

சின்னவள் தண்ணீரைக் குடித்தாள்.

"என்னையே எடுத்துக்குங்க," என்று ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "முன்னல்லாம் வீட்டுக்குப் போனா என் பொண்ணு, 'ஏம்மா அழறே'ன்னு கேப்பா. என்ன சொல்றதுன்னே தெரியாது, நெஞ்சை அடைக்கும். இப்ப அதுக்கும் நாலு அட்டை எழுதி வெச்சிட்டேன். பிரச்சினையே இல்ல. அவ கேக்கறதையே நிறுத்திட்டா." சொல்லிவிட்டு மலர்ந்து சிரித்தார். சிரிப்பு வேண்டியதற்குமேல் கொஞ்ச நேரம் நின்றது.

சின்னவளிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளே கம்பி வைத்த மஞ்சள் குறி ஒன்றும் அட்டைகள் நான்கும் இருந்தன. ஒன்று: சண்டை போடு. இரண்டு: கெஞ்சு. மூன்று: கையிலிருப்பதைக் கொடு. நான்கு: திரும்பிப் போ. மூன்றாவது ஞாயிறு ஆய்வு. அட்டையில் இல்லாத ஒரு சொல்லை யாராவது சொன்னால் மேசை போய்விடும். மேசை என்றால் யார் யாரெல்லாம் என்று பொடி எழுத்தில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டில் கூட்டம் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர், "ஒரு நாள் கூத்துதானே? அன்னைக்கு மட்டும் விரலை வெச்சுட்டுப் போவோம். அப்புறம் நம்ம ராஜ்ஜியம்," என்றார். இப்போதே வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளப் போகிறவர்போல அவர் கை சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே இருந்தது.

"நாம வெச்சுடுவோம். இவரு?" என்றாள் அக்கா.

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காவலாளிக்கு வீடு எங்க இருக்கு?" என்றார். கடிதம் வருவதற்கு முன்னால் என்றால் கொண்டாடியிருப்பார்கள். அன்று அக்கா பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"மேசையை எடுத்துட்டுப் போயிட்டா மறுபடி ஊமையா உக்காந்துருவாருடி. என்னால இன்னொரு தடவை அதைத் தாங்க முடியாது. நீதான் எப்படியாவது பழக்கணும்."

பழக்கினாள். தினமும் கடை முடிந்து நேராக வந்து, நான்கு அட்டைகளையும் வரிசையாக வைத்து, காவலாளி வழிமறிப்பதைச் சொல்வாள். ஷூவைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அத்தான் வாயைத் திறந்தால் அக்கா அவர் முழங்கையை அழுத்துவாள். சின்னவள் அவர் விரலைப் பிடித்து ஓர் அட்டையின்மேல் வைப்பாள். முதல் வாரம் விரல் முறுக்கிக்கொண்டது. லென்ஸின் ஓரத்தை ஒரு நூல் அதிகமாக அழுத்தினால் தெறித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும், கையும் சொன்னது. ஆனால் பயம் கையைவிடச் சத்தமாகப் பேசியது. பதினோராம் நாள் அத்தான் தானாகவே மூன்றாவது அட்டைமேல் விரலை வைத்து, "மூணு," என்றார்.

அக்காவும் சின்னவளும் கைதட்டினார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் இருவரையும் பார்த்து லேசாகச் சிரித்தார். எட்டு மாதத்துக்கும் மேலாக யாரும் அவருக்குக் கைதட்டியிருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆய்வாளர் அம்மாள் உதவியாளர்கள் இரண்டு பேரோடு வந்தார். கதவைத் தட்டவில்லை. பிறத்தியார் வீட்டுக்குள் தட்டாமல் நுழைவதும், அகப்பட்ட அலமாரியைத் திறந்து பயனுள்ளதை எடுத்துக்கொள்வதும் வீடியோ கேம்களில் வழக்கம் என்றும், வீட்டுக்காரர்கள் அதைக் கவனிக்கக் கூடாதென்றும் வாரியத்தின் விதி எட்டு சொல்கிறது. கவனிக்காததுபோலத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆளுக்கொரு வாக்கியமும் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

உதவியாளர் ஒருவர் நேராகப் போய் ஜன்னலோரம் இருந்த பீங்கான் ஜாடியைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னைக்குக் காத்து நல்லா வீசுது," என்றாள் அக்கா. அது அவள் கல்யாணத்துக்கு வந்த ஜாடி.

இன்னொருவர் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். இரண்டு பேட்டரி, ஒரு சீப்பு, அக்காவின் கொண்டை ஊசிகள் எல்லாம் அவர் பைக்குள் போயின. மாட்டியிருந்த அத்தானின் காக்கிச் சட்டைக்குள் கையை விட்டார். மடிப்பெல்லாம் நைந்துபோன காகிதம் ஒன்று வந்தது.

"இன்னைக்குக் காத்து நல்லா வீசுது," என்றாள் அக்கா. குரல் பாதியில் உடைந்தது. ஆய்வாளர் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார்.

விசாரணைக் காகிதம் அது. தவறு இல்லை என்று உலகத்தில் அத்தானுக்காக எழுதப்பட்ட ஒரே காகிதம். அத்தான் அதைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். அவர் வாய் பாதி திறந்தது. இப்போது பேசிவிடுவார், இன்றைக்கென்று பார்த்து நியாயமாகப் பேசிவிடுவார், எல்லாம் போயிற்று. பேசிவிடாதீர்கள் அத்தான் என்று சின்னவள் உள்ளுக்குள் கதறினாள். அப்படித்தான் வேண்டிக்கொண்டாள், கதையில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அத்தான் மேசைக்கு வந்தார். ஆட்டம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை, அட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. நான்கையும் படித்தார். விரலை எடுத்து மூன்றாவதன்மேல் வைத்தார்.

"மூணு," என்றார். கையிலிருப்பதைக் கொடு.

உதவியாளர் காகிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆட்டத்துக்கு வெளியவும்! பதினாறு வருஷத்துல நான் ஆயிரம் மேசை பாத்திருக்கேன்மா. ஆட்டத்துல அட்டையைத் தொடுவாங்க. அது முடிஞ்சா பழையபடி வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க. இவரு ஒருத்தர்தான் வாழ்க்கையிலேயே கொண்டாந்திருக்காரு. இவரைப் பழக்கினது யாரு?"

அக்கா சின்னவளைக் கைகாட்டினாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வாளர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, அடுத்த மாதம் வாரியத்துக்கு வந்து மற்றக் கதைசொல்லிகளுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உரிமத்தில் முதல் தரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போதும் கதவைச் சாத்தவில்லை.

அடுத்த ஞாயிறு சின்னவள் நேரத்தோடு வந்தாள். நான்கு அட்டைகளையும் பொடிப்பொடியாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மஞ்சள் குறியை ஒடித்தாள். மருந்துக்கடைக்காரர் வரவில்லை, உடம்பு சரியில்லையாம். பரவாயில்லை, மூன்று பேர் போதும். அத்தான் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பகடை, பென்சில், வெறும் மேசை.

"எதிர்ல ஒரு பாலம்," என்றாள் சின்னவள். "பாலத்து மேல காவலாளி நிக்கறான்."

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழை இல்ல அத்தான். நல்ல வெயில். ஆனா அவன் ஷூ ஈரமா இருக்கு." அவர் பக்கம் குனிந்தாள். "சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு. நீங்க என்ன செய்யறீங்க?"

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். குழாயைத் திறக்கத் தயாராகத்தான் நின்றாள்.

அத்தான் மேசையைப் பார்த்தார். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை நிதானமாகப் படித்தார். பிறகு வெறும் மரப்பலகையில், மூன்றாவது அட்டை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"மூணு," என்றார்.

சொல்லிவிட்டு, அவர்கள் கைதட்டுவதற்காக, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.